மாசக் கடைசி வெள்ளி சைக்கிள் கூட்டம்: உரிமையா, அழிச்சாட்டியமா?

ஃபுட்போர்டு: போன வெள்ளி சாயங்காலம் பஸ்ல நின்னுட்டு வரேன், சிக்னல் பச்சை விழுந்தும் வண்டி நகரல. எட்டிப் பாத்தா ஒருத்தர் சைக்கிளை ரோட்டுக்கு குறுக்கப் போட்டு ஒத்தக் கால ஊனி நிக்கிறாரு, கையில 'நன்றி'ன்னு எழுதின அட்டை வேற. அவர் முதுகுக்குப் பின்னாடி சைக்கிள் போகுது போகுது போய்க்கிட்டே இருக்கு. மூணு பச்சை போச்சு. மாசக் கடைசி வெள்ளி கூட்டமா சைக்கிள் விடுற இந்த கிரிட்டிக்கல் மாஸ்காரங்க யாராவது இருந்தா சொல்லுங்க, பஸ்ல வர்றவன் மேல உங்களுக்கு என்ன கோவம்?

மிதிமிதி: கோவம்லாம் இல்லங்க. அப்படி நிக்கறதுக்கு கார்க்கிங்னு பேரு, பாட்டில்ல கார்க் அடைக்கிற மாதிரி. கூட்டம் நடுவுல வெட்டுப்பட்டா கார் உள்ள புகுந்துரும், மாட்டுறவன் அடிபடுவான், அதான் ஒரே மூச்சா கடந்துடறது. கிரிட்டிக்கல் மாஸ்ங்கற பேரே அப்படி வந்ததுதான். சீனாவுல சிக்னல் இல்லாத சந்திப்புல சைக்கிள்காரங்க ஆள் சேர்ற வரைக்கும் நின்னு, போதுமான கூட்டம் ஆனதும் மொத்தமா இறங்கிடுவாங்களாம்.

ஃபுட்போர்டு: 1992ல சான் பிரான்சிஸ்கோவுல ஆரம்பிச்சப்ப முதல்ல வச்ச பேரு கம்யூட் க்ளாட். அதாவது ரத்தக்கட்டு மாதிரி அடைப்பு. அதையே வச்சிருக்கலாம், பொருத்தமா இருந்திருக்கும் 😂

சட்டம்பேசி: சிரிக்கறது இருக்கட்டும், பெர்மிஷன் வாங்கினாங்களா?

மிதிமிதி: யாரு வாங்கறது? தலைவரும் கிடையாது, ரூட்டும் கிடையாது, முன்னாடி போறவன் திரும்பற பக்கம் எல்லாரும் திரும்புவோம். லண்டன்ல போலீஸ் இதையே கேட்டு கேஸ் அப்ப அங்க உச்ச நீதிமன்றமா இருந்த பிரபுக்கள் சபை வரைக்கும் போச்சு, வழக்கமா நடக்குற ஊர்வலம்தான், முன்கூட்டி நோட்டீஸ் தேவையில்லன்னு 2008ல தீர்ப்பு. ஜெர்மனியில 15 பேருக்கு மேல ஒண்ணா போனா மொத்தக் கூட்டமும் ஒரே வண்டி கணக்கு, முதல் ஆள் பச்சையில நுழைஞ்சிட்டா நடுவுல சிவப்பு விழுந்தாலும் மத்தவங்க தொடர்ந்து போலாம்.

சட்டம்பேசி: அங்க சட்டப் புத்தகத்துல இருக்கு, போறான். அது இல்லாத ஊர்லயும் நீங்க அதே மாதிரி சிவப்புல போறீங்களே? தலைவர் இல்லன்னா ஆம்புலன்ஸ் மாட்டினா யார் சட்டையைப் புடிக்கிறது?

மிதிமிதி: சைக்கிளைத் தூக்கி ஓரமா வைக்க 5 செகண்டு போதும் சார். தினமும் நடக்கற கார் ஜாம்ல ஆம்புலன்ஸ் நிக்குதே, அப்ப யார் சட்டையைப் புடிச்சீங்க?

பஞ்சர்பழனி: நாலு வருஷம் இதுல போனவன், நானே கார்க் பண்ணியிருக்கேன், இப்ப விட்டுட்டேன். முதல்ல ஹெட்லைட் கண்ணுல அடிக்கிறப்ப கை நடுங்கும், கொஞ்ச நாள்ல அதுவே போதை ஆயிரும், ஹாரன் அடிச்சா வேணும்னே இன்னும் ரெண்டு நிமிஷம் நிக்கத் தோணும். பாதுகாப்புக்குன்னு சொல்றது பாதிதான் உண்மை. 2011 பிப்ரவரியில பிரேசில்ல போர்ட்டோ அலெக்ரேல ஒருத்தன் காரைக் கூட்டத்துக்குள்ள விட்டு அடிச்சுத் தூக்கினான்ல, அது பின்பக்கத்துலேர்ந்து வந்தது. பக்கத்துத் தெருவை அடைச்சு என்ன பிரயோஜனம்?

மிதிமிதி: அதுக்காக வீட்டுலயே உக்காந்துடலாமா பழனிண்ணே?

பஞ்சர்பழனி: உக்காரச் சொல்லல தம்பி. ஒரே ஒரு லேன்ல போங்க, கூட்டத்தை ஐம்பது ஐம்பதா பிரிச்சுக்கங்க, பஸ் வந்தா விட்டுருங்க. பஸ்ல வர்றவன் நம்ம கட்சி தான்டா.

ஃபுட்போர்டு: பழனி சார் சொன்ன மாதிரி பஸ்ஸை விட்டீங்கன்னா எனக்கு சண்டையே இல்ல. கார்காரனை எவ்ளோ நேரம் வேணா நிறுத்துங்க 😀

சட்டம்பேசி: நான் கார்ல போறவன்யா!