பாதியில் நின்ற கதிர்வீச்சு: சிவப்பு பெர்ஸ்பெக்ஸ் காட்டும் அளவை நம்பலாமா?

கேள்வி, புதுச்சேரியிலிருந்து:
வணக்கம். சேதராப்பட்டில் அறுவைச் சிகிச்சைக் கையுறை செய்யும் நிறுவனத்தில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறேன். சரக்கை வெளியூர் காமா ஆலைக்கு அனுப்பித்தான் கிருமி நீக்குகிறோம். குறைந்தது 25 கிலோகிரே (பொருள் உள்வாங்கும் கதிரின் அலகு) விழ வேண்டும். போன வாரம் பாதிச் சுற்றில் ஏதோ கோளாறு, கதிர் தரும் கோபால்ட்-60 தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கிவிட்டது, கதிர் நின்றுவிட்டது. மறுநாள் மதியம்தான் மீதியைக் கொடுத்தார்கள். எவ்வளவு கதிர் விழுந்தது என்று காட்ட பெட்டிக்குள் வைத்த மூன்று சிவப்பு பெர்ஸ்பெக்ஸ் டோசிமீட்டர்களும் (கதிர் பட்டால் நிறம் கறுக்கும் பிளாஸ்டிக் துண்டுகள்) வழக்கமான அளவிலிருந்து ஒரே பக்கமாக விலகியிருக்கின்றன. நேரில் போய், துண்டுகளில் இருந்த கைரேகையைத் துடைத்து, கனத்தை மைக்ரோமீட்டரில் மறுபடி அளக்கச் சொன்னேன். அதே எண்தான். சரக்கை விடலாமா?

பதில், கடலூரிலிருந்து:
மூன்றும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் அது கைப்பிழையாக இருக்காது தம்பி. கதிர் நின்றாலும் பிளாஸ்டிக்குள் உண்டான ராடிக்கல்கள் (எளிதில் வினை புரியும் மூலக்கூறுத் துண்டுகள்) வினை புரிந்துகொண்டேதான் இருக்கும். கதிர் படும்போது உள்ளே இருக்கும் ஆக்சிஜன் செலவாகும். இடைவெளியில் வெளியிலிருந்து மெல்ல ஊறி வரும். இரண்டாம் பாதி தொடங்கும்போது அது பழைய துண்டே இல்லை. ஆனால் நிற மாற்றத்தைக் கிலோகிரேயாக மாற்றும் அளவுத்திருத்தக் கோடு, ஒரே மூச்சில் கதிர் கொடுத்த துண்டுகளை வைத்துப் போட்டது. 640 நானோமீட்டர் ஒளியில் எடுத்த நிற அளவில் தப்பில்லை. அந்தக் கோடுதான் இங்கே பொருந்தவில்லை. எவ்வளவு நேரம் நின்றது, அதற்குமுன் எவ்வளவு விழுந்தது, என்ன வெப்பம் என்பதைப் பொறுத்து விலகலும் மாறும். அதனால் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு திருத்த எண்ணை யாரிடமும் வாங்கிப் போட்டுவிடாதீர்கள்.

கேட்டவர்:
அப்போ எப்படிச் சரிபார்ப்பது அண்ணா?

பதில், கடலூரிலிருந்து:
அதே தொகுதித் துண்டுகளில் இரண்டு செட் எடுத்து, அளவுத்திருத்த ஆய்வகத்தில் ஒன்றுக்கு நிறுத்தாமலும், இன்னொன்றுக்கு உங்களுக்கு நேர்ந்த அதே இடைவெளியும் வெப்பமும் வைத்தும் கொடுக்கச் சொல்லுங்கள். மொத்த அளவு ஒன்றாக இருக்கட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் விலகல். அளக்கும்வரை டோசிமீட்டர் துண்டின் மூடிய உறையைப் பிரிக்கவே கூடாது; ஈரப்பதம் மாறினால் அது வேறு பிழை. இனிமேல் அலனின் என்ற அமினோ அமிலத்தால் ஆன டோசிமீட்டரையும் கூடவே வையுங்கள், இடைவெளி அதை இவ்வளவு பாதிக்காது.

வேறொருவர்:
உலர்ந்த கையுறை என்பதால் பரவாயில்லை. ஈரமான பொருளாக இருந்தால் அந்த ஓர் இரவில் கிருமி பெருகியிருக்குமா என்றும் பார்த்தாக வேண்டும்.

கேட்டவர்:
சரி அண்ணா, சரக்கைப் பிடித்து வைத்திருக்கிறேன். நின்ற நேரம், அறை வெப்பம் இரண்டுக்கும் பதிவு கேட்டு ஆலைக்கு மெயில் போட்டாச்சு.