புதுப்பிப்பு: ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஓப்பன் டாப் (பழைய கார்), சூட்டில் நிற்கும் சிக்கல்

சூடேறியதும் வேலூர் கிரீன் சர்க்கிள் நெரிசலில் வண்டி நின்றுவிடுகிறது, ஆறினால் ஸ்டார்ட் ஆகிறது என்று எழுதியிருந்தேன். வேப்பர் லாக் (சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி வரத்து தடைபடுவது) என்றே பலரும் சொன்னீர்கள். அது இல்லை. நின்ற உடனே பார்த்தால் கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் இருந்தது. பிளக்கில் ஸ்பார்க்தான் மஞ்சளாக, மெலிந்து வந்தது.

கோளாறு கண்டென்சரில், அதாவது பாயிண்டில் பொறி பறக்காமல் காக்கும் சிறு மின்தேக்கியில். சூட்டில் அதன் இன்சுலேஷன் கசிந்தால் பிளாட்டினம் பாயிண்டில் (காயிலின் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் தொடுமுனை) பொறி பறக்கும், பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயிலின் வலு குறையும். கருகிய பாயிண்டே சாட்சி. இரண்டையும் மாற்றி, இடைவெளியை 0.015 அங்குலம் வைத்தாயிற்று.

கையோடு பெட்ரோல் ஹோஸும் புதிது. இ20 பெட்ரோலில் கலந்துள்ள 20% எத்தனாலுக்குப் பழைய ரப்பர் தாங்காது. பெட்ரோல் பம்பின் உள்ளே இருக்கும் சவ்வான டயாஃப்ரமையும் பாருங்கள்.

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் நிற்கவில்லை. கதவு ஆட்டம் மட்டும் பாக்கி: பாடிக்கும் சேஸிஸுக்கும் இடையே உள்ள பாடி மவுண்ட் ரப்பர் நசுங்கியிருக்கிறது, அடுத்த வேலை அதுதான்.