செய்தியில் வந்த, அரிய நோயுள்ள பிள்ளைகள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தங்கச்சிமடம் தாய்மாமன்:
தசைகள் நாளுக்கு நாள் வலுவிழக்கும் டுஷென் தசைச் சிதைவு பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. என் அக்கா மகனுக்கு அதுதான். சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டான். ஒரு தொலைக்காட்சியிலிருந்து வந்தவர்கள் பாம்பன் பாலத்தைப் படம் பிடித்த கையோடு வீட்டுக்கு வந்தார்கள். பையன் சதுரங்கம், தாத்தாவின் மீன்பிடி வல்லம் என்று நன்றாகத்தான் பேசினான். ஒளிப்பதிவாளருக்குப் போதவில்லை. “நாற்காலி இருந்தால் வசதியான வீடு போலத் தெரிகிறது” என்று சொல்லி, வலைக்குவியல் பக்கத்தில் மணலில் உட்கார வைக்கச் சொன்னார். பிள்ளையால் முதுகு நிமிர்ந்து உட்கார முடியாது. பக்கவாட்டில் சரிந்தான். வாயோரம் மணல். அக்கா துடைக்கப் போனாள். “இருக்கட்டும்மா, அப்படியே இருக்கட்டும்” என்றார்.

அமெரிக்காவில் ஊசி இருக்கிறது, போட்டால் எழுந்து நடப்பான், பணம்தான் இல்லை என்று ஒளிபரப்பினார்கள். இப்போது பார்க்கிறவர்கள் எல்லாம் ஊசி போட்டாகிவிட்டதா என்று அவனிடமே கேட்கிறார்கள். தேவாலயத்துக்கு வரவே மாட்டேன் என்கிறான்.

கீழக்கரை உம்மா:
தம்பி, மணல் விஷயம் அநியாயம்தான். ஆனால் செய்தியே வேண்டாம் என்பது போல எழுதாதீர்கள். என் லாத்தா (அக்கா) பேரனுக்கு முதுகுத்தண்டுத் தசைச் சிதைவு, அது வேறு வகை. 16 கோடி ரூபாய் ஊசி என்று பத்திரிகையில் வந்த பிறகுதான் ஜமாஅத்தும் வெளிநாட்டுப் பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தார்கள். 16 கோடி சேரவில்லை. அந்த ஊசி போடுவதற்கான இரண்டு வயது வரம்பையும் குழந்தை தாண்டிவிட்டது. அன்றோடு செய்தியாளரின் தொலைபேசி அடங்கியது. வயது தாண்டிய பிள்ளை செய்தி இல்லை போலும். ஆனாலும் சேர்ந்த பணத்தில் அதே நோய்க்கான ரிஸ்டிப்ளாம் என்ற மருந்தை வாங்கினோம். நாளைக்கே வந்தாலும் கதவைத் திறப்பேன்.

மண்டபம், ஓய்வு பெற்ற மருந்தாளுநர்:
எங்கள் தெருவிலும் ஒருவர் விளம்பரச் செய்தியை நம்பி, ஸ்டெம் செல் ஊசிக்காகப் படகை விற்றார். பலன் இல்லை. அதை விடுங்கள்.

தாய்மாமன் அவர்களே, அந்த அமெரிக்க மருந்து எலிவிடிஸ்தான். 2023இல் அங்கே முதலில் அனுமதித்ததே 4, 5 வயதில் நடக்கிற பிள்ளைகளுக்கு. பிறகு அதைப் போட்டுக்கொண்ட, நடக்க முடியாத சிறுவர்கள் இருவர் கல்லீரல் செயலிழந்து இறந்ததும், 2025இல் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் கொடுப்பதை நிறுத்தினார்கள். எழுந்து நடப்பான் என்று சொன்னவருக்கு இதெல்லாம் தெரியுமா? நீங்கள் மருத்துவரிடம் ஸ்டீராய்டு அளவு, இதயப் பரிசோதனை, மூச்சுப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். யாராவது ‘ஆய்வு சிகிச்சை’ என்று வந்தால், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு 2009 முதல் கட்டாயம். ஸ்டெம் செல் ஆய்வு என்று சொல்லி நோயாளியிடம் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஸ்டெம் செல் ஆய்வுக்கான 2017 தேசிய வழிகாட்டுதல் அதற்கு இடம் தரவில்லை. உம்மா, உங்களுக்கும் சொல்கிறேன்: பத்திரிகைக்கு முன்னால் மத்திய அரசின் அரிய நோய்க் கொள்கையின் கீழ் உதவி கேட்டு மனுப் போட்டிருக்க வேண்டும். 50 லட்சம் வரை கிடைக்கும்.

கீழக்கரை உம்மா:
மனுப் போடாமலா இருப்போம், காக்கா? ரிஸ்டிப்ளாம் தினமும் குடிக்கிற மருந்து. அப்போது ஒரு புட்டி ஏறக்குறைய 6 லட்சம். 2025இல் உள்நாட்டு நிறுவனம் விற்கத் தொடங்கிய பிறகுதான் விலை ஆயிரங்களுக்கு இறங்கியது. அதுவரைக்கும் உங்கள் 50 லட்சம் எத்தனை புட்டிக்குக் காணும் என்று கணக்குப் போட்டுவிட்டு வாருங்கள்.