சைலன்சர் பைப்ல ஹீட் ராப் சுத்தினேன், புகை நிக்கவே மாட்டேங்குது, அவசரம்

வேலன்_ஈரோடு
நண்பர்களே, வண்டில சூடு தாங்கல, சீட்ல உக்காரவே முடியல. ஆன்லைன்ல ஹீட் ராப் (சூட்ட வெளிய விடாத நார்ப்பட்டை) வாங்கி நானே பைப்ல சுத்திட்டேன். அதுல இருந்து ஒரே புகை. முதல்ல கொஞ்சம் புகை வரும்னு வீடியோல சொன்னாங்க, சரின்னு விட்டுட்டேன். இன்னும் நிக்கல. உள்ள நாத்தம் வேற. காலைல லோடு ஏத்திட்டு கோபி போகணும். ஓட்டலாமா கூடாதா? தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க. கை வேற அரிச்சுக்கிட்டே இருக்கு.

மூணாவது_கியர்
என்ன வண்டி ப்ரோ?

பம்பர்_டு_பம்பர்
பெட்ரோலா டீசலா? சுத்தினது எந்த இடத்துல? எஞ்சின்ல இருந்து புகைய வாங்குற மேனிஃபோல்டா, அதுக்குக் கீழ வர்ற பைப்பா, பின்னாடி டப்பாவா?

டர்போதம்பி
நார்மல்தான் ப்ரோ, பயப்படாதீங்க. ராப் நார்ல பைண்டர்னு ஒரு பசை தடவியிருப்பாங்க, அது எரிஞ்சு போற வரைக்கும் புகையும். பைபாஸ்ல ஒரு நல்ல ஓட்டம் விடுங்க, சரியாயிடும். பிக்கப்பும் கூடும், நீங்களே உணர்வீங்க.

பழைய_ஸ்பேனர்
இந்தப் பகுதியின் உச்சியில் ‘கேள்வி கேட்கும் முன்’ என்று ஓர் இழையை ஒட்டி வைத்திருக்கிறேன். வண்டி, வருடம், எரிபொருள், ஓடிய கிலோமீட்டர். நான்கே விஷயம். அதைப் படிக்க இவருக்கு நேரமில்லை. பதில் எழுத மட்டும் நமக்கு நேரம் இருக்க வேண்டும். ‘வண்டில சூடு’ என்றால் டிராக்டரா, டெம்போவா, ரோடு ரோலரா? ஜோசியம் பார்ப்பதற்கு வேறு இடம் இருக்கிறது.

லேத்பட்டறை_கரூர்
அவசரத்துல கேக்குறாரு, விடுங்கண்ணே. வேலன், சீட்ல சூடுன்னு சொல்றதப் பாத்தா ஆம்னி வேன் மாதிரி தெரியுது, அதுலதான் எஞ்சின் சீட்டுக்கு அடியில இருக்கும். சரியா? புகை என்ன நிறம்? நாத்தம் பிளாஸ்டிக் கருகுற மாதிரியா, ஆயில் காயுற மாதிரியா? கை அரிப்புக்கு, தேய்க்காம பச்சத் தண்ணில கழுவுங்க. அது கண்ணாடி நார். செல்லோடேப் ஒட்டி உரிச்சா மிச்சமும் வந்துடும். போட்டிருந்த சட்டைய தனியா துவைங்க.

வேலன்_ஈரோடு
ஆமா ஆம்னிதான். சொல்லலையா? 99 மாடல், கார்புரேட்டர். கேஸும் ஓடும் பெட்ரோலும் ஓடும். மேனிஃபோல்டுல ஆரம்பிச்சு கீழ பைப் முழுக்க சுத்தியிருக்கேன். டைட்டானியம் ராப், 1000 டிகிரி தாங்கும்னு போட்டிருந்துச்சு.

மூணாவது_கியர்
கேஸுன்னா வீட்டு சிலிண்டரா? அப்படின்னா பின்னாடி சிலிண்டர், சீட்டுக்கு அடியில புகையா? சாமி, இந்த இழையையே நான் தள்ளி நின்னுதான் படிப்பேன்.

வேலன்_ஈரோடு
இல்லங்க, டேங்க்தான். ஆர்.சி.ல ஏத்தியிருக்கு.

டைமிங்_லைட்
எல்லாரும் புகையவே பாக்குறீங்க. ஆரம்பத்துல ஏன் அவ்வளவு சூடு வந்துச்சு, அதக் கேளுங்க. கேஸ் வண்டி சூடாகுதுன்னா முதல்ல பாக்க வேண்டியது டைமிங், அதாவது பிளக் எப்ப பொறி விடுதுங்கிறது. பெட்ரோலுக்கு வச்ச டைமிங்லயே கேஸ் ஓட்டுனா, உள்ள எரிஞ்சு முடியுறதுக்கு முன்னாடியே எக்ஸாஸ்ட் வால்வு திறந்துடும், மிச்ச சூடு பூரா பைப்புக்குத்தான் போகும். பொறி கொஞ்சம் முன்னாடியே விழுற மாதிரி டிஸ்ட்ரிபியூட்டர அட்வான்ஸ் பண்ணுங்க. கேஸையும் காத்தையும் கலக்குற மிக்ஸர் செட்டிங்கையும் பாக்கச் சொல்லுங்க, கேஸ் கம்மியா காத்து ஜாஸ்தியா ஓடுனாலும் இதே கதைதான்.

பம்பர்_டு_பம்பர்
போன வாரம் ஒருத்தருக்கு ஹாரன் வேலை செய்யலன்னதுக்கும் நீங்க டைமிங்னுதான் சொன்னீங்க.

டைமிங்_லைட்
அது வேற. அவருக்கு பேட்டரியும் இறங்கியிருந்துச்சு.

பழைய_ஸ்பேனர்
வண்டி எது என்று ஒருவழியாகத் தெரிந்துவிட்டது. இப்போது சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

ஆம்னியின் மேனிஃபோல்டு வார்ப்பிரும்பு. அது சூட்டை வெளியே விட்டுக்கொண்டிருந்தால்தான் அதற்கு ஆயுள். இறுக்கிச் சுற்றி சூட்டை உள்ளேயே அடைத்தால் ஒருநாள் விரிசல் விடும், அல்லது வளைந்து, இணைப்பில் உள்ள பேக்கிங் வழியாகப் புகை ஊதும். ராப் என்பது பந்தய வண்டிகளில் மேனிஃபோல்டுக்குப் பதிலாகக் குழாய் வளைத்துச் செய்யும் ஹெடர்களுக்கு வந்த பொருள். அங்கேகூட ஒரு சீசன் ஓடிவிட்டுக் கழற்றி எறிவார்கள். தினசரி லோடு அடிக்கும் வண்டிக்கு இல்லை.

‘டைட்டானியம்’ என்பது பெயர் மட்டும்தான். நல்ல சரக்காக இருந்தால் உள்ளே இருப்பது எரிமலைப் பாறையை உருக்கி இழுத்த பசால்ட் நார். மலிவானது சாதாரண கண்ணாடி நாருக்கு அந்த நிறம் ஏற்றியது. தொடர்ந்து 500, 550 டிகிரிக்கு மேல் கொடுத்தால் மொரமொரத்து உதிரும். லோடு ஏற்றி மேட்டில் மிதித்தால் வால்வு வாயில் புகையின் வெப்பம் 700-ஐத் தாண்டும். அட்டையில் 1000 என்று யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம்.

இன்னொன்று. 1995-ல் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு, புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கட்டாயமாக்கப்பட்டது. உங்களுடையது சென்னைப் பதிவா? கன்வெர்ட்டரையும் சேர்த்துச் சுற்றிவிட்டீர்களா? பதில் வராது என்று தெரியும், கேட்டு வைக்கிறேன்.

லேத்பட்டறை_கரூர்
அண்ணன் சொன்னது சரிதான், ஆனா அவர் கேட்டது காலைல ஓட்டலாமான்னு. வேலன், ஓட்டாதீங்க.

பைண்டர் எரியுற புகை கால் மணி, அரை மணில அடங்கிடும். நனைச்சு சுத்தியிருந்தா ஆவியும் சேர்ந்து வரும், அதுவும் தண்ணி வத்துற வரைக்கும்தான். நிக்காத புகைன்னா சுத்துல வேற ஏதோ ஊறிக்கிட்டே இருக்குன்னு அர்த்தம். என் சந்தேகம் டேப்பெட் கவர் பேக்கிங், எஞ்சின் தலைய மூடுற கவருக்கு அடியில வர்ற ரப்பர். அந்த ரப்பர் காஞ்சுபோச்சுன்னா ஆயில் கசிஞ்சு மேனிஃபோல்டு மேல விழும். வெறும் இரும்பா இருந்தப்ப விழுந்த சொட்டு அப்பவே காஞ்சு போயிருக்கும், லேசா வாடை மட்டும் வந்திருக்கும், நீங்களும் கண்டுக்காம ஓட்டியிருப்பீங்க. இப்ப அந்த சுத்து ஒவ்வொரு சொட்டையும் குடிச்சு வச்சுக்குது. எண்ணெய்ல ஊறின விளக்குத் திரி மாதிரி ஆயிடும். நல்லா சூடேறினா புகையோட நிக்காது, பத்திக்கும். உங்க சீட்டுக்கு அடியில, கேஸ் ஹோஸுக்குப் பக்கத்துல.

எஞ்சின் ஆறினதும் சீட்டைத் தூக்கி டார்ச் அடிச்சுப் பாருங்க. டேப்பெட் கவர் ஓரத்துல ஈரம் இருக்கா, சுத்துல ஒரு இடம் மட்டும் கருப்பா பிசுபிசுன்னு இருக்கா. ஆயில் அளவு காட்டுற டிப்ஸ்டிக்கையும் பாருங்க.

டர்போதம்பி
லேத் அண்ணே, ராப் வேண்டாம்னு சொல்றது கொஞ்சம் ஓவர். உள்ள புகை சூடா இருந்தா வேகமா வெளிய ஓடும், எஞ்சினுக்கு மூச்சு ஈஸி. டர்போ வண்டில டர்பைன் வரைக்கும் அந்த சூட்ட விடாம கொண்டு போகத்தான் சுத்துறாங்க. இது பிசிக்ஸ். சும்மா எதிர்க்காதீங்க.

பழைய_ஸ்பேனர்
தம்பி, டர்போவில் அது உண்மை. இவர் வண்டியில் டர்போ எங்கே இருக்கிறது? 796 சிசி, மூன்று சிலிண்டர், நாற்பது குதிரைசக்தி கூடக் கிடையாது. அதில் ராப் சுற்றி பிக்கப் கூடியதை ‘உணர’ வேண்டுமென்றால் பின்னாடி இருக்கிற மூட்டையை இறக்குங்கள், நன்றாகவே உணரலாம்.

டர்போதம்பி
நான் லேத் அண்ணன்கிட்டதான் பேசினேன். எந்த இழைல போனாலும் நீங்க வந்து கிளாஸ் எடுக்குறீங்க.

பம்பர்_டு_பம்பர்
தம்பி சொல்றதுல பாதி நியாயம் இருக்கு. பானெட்டுக்குள்ள சூடு குறைஞ்சா கார்புரேட்டருக்குப் போற காத்து குளிர்ச்சியா இருக்கும்ல?

பழைய_ஸ்பேனர்
ஆம்னிக்கு ஏது பானெட்?

டைமிங்_லைட்
காத்து குளிர்ச்சியானா டைமிங்கையும் திரும்ப செட் பண்ணணும்.

சின்னக்கடை_சேகர்
இதுக்குப் போய் ஆன்லைன்ல ஏங்க காசு குடுத்தீங்க? பாய்லர் சாமான் விக்கிற கடைல அஸ்பெஸ்டாஸ் கயிறு எடைக்குக் கிடைக்கும். எங்கப்பா காலத்துல லாரிக்கு அதத்தான் சுத்துவாங்க. எந்த சூடும் தாங்கும்.

லேத்பட்டறை_கரூர்
சேகர் சார், அத மட்டும் யாருக்கும் சொல்லாதீங்க. அந்தத் தூசி நெஞ்சுக்குள்ள போனா திரும்ப வராது. இருபது முப்பது வருஷம் கழிச்சுக்கூட நுரையீரல் புற்றுநோய் வரும். எங்க பட்டறைல பழைய ஆளுங்க ரெண்டு பேரு மூச்சு வாங்குறத நான் தினமும் பாக்குறேன். சூடு தாங்கும்ங்கிறது வாஸ்தவம், ஆள்தான் தாங்க மாட்டான்.

யாழ்வான்
எங்கட பக்கம் சுசுகி எவ்ரி வானுகளிலயும் இதே கரைச்சல்தான், எஞ்சின் சீற்றுக்குக் கீழ. சுத்துறதுக்கு முதல் எஞ்சின் மூடியைப் பாத்தனீங்களோ? அதைச் சுத்தி வாற றப்பர் இத்துப்போனால் சூடு முழுக்க இடுக்கால மேல வரும். மூடிக்கு அடியில ஒட்டியிருக்கிற பஞ்சும் கனகாலம் போனால் கொட்டுண்டு போயிருக்கும். நான் ரெண்டையும் மாத்திப்போட்டு, பைப்புக்கு மேல அலுமினியத் தகடு ஒண்டு விரலளவு இடைவெளி விட்டுப் பூட்டினனான். அந்த இடைவெளிக் காத்துத்தான் வேலை செய்யும், தகடு பைப்பில முட்டக்கூடாது. சுத்து ஒண்டும் தேவைப்படேல்லை. மழைக்குள்ள ஓடுற வானெண்டால் சுத்து தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கொண்டு பைப்பைத் தின்னும், வெளியில ஒண்டும் தெரியாது.

மூணாவது_கியர்
யாழ் அண்ணன் சொன்னதுதான் இந்த இழைல முதல் உருப்படியான பதில். ஆனா ஒரு சந்தேகம். எப்பவாவது சுத்தணும்னா எந்தப் பக்கம் ஆரம்பிக்கணும்? வீடியோல எல்லாம் எஞ்சின் பக்கத்துல இருந்துதான் வர்றாங்க.

லேத்பட்டறை_கரூர்
கீழ ஓடுற பைப்புக்கு பின்னாடி இருந்து எஞ்சின நோக்கி சுத்துறதுதான் நல்லது. அப்பதான் ஒவ்வொரு சுத்தோட விளிம்பும் பின்பக்கம் பாத்து இருக்கும், ரோட்டுத் தண்ணி மேலயே வழிஞ்சு போயிடும். எஞ்சின்ல இருந்து ஆரம்பிச்சா விளிம்பு முன்பக்கம் வாயைத் திறந்துக்கிட்டு இருக்கும். ஒரு சுத்து மேல அடுத்த சுத்து கால் இஞ்ச் ஏறினா போதும். ரெண்டு மூணு அடுக்கு சுத்தக்கூடாது.

டர்போதம்பி
அட்டைல எஞ்சின் பக்கம் இருந்துதான் ஆரம்பிக்கச் சொல்லியிருக்கு.

பழைய_ஸ்பேனர்
அட்டையில் 1000 டிகிரி என்றும் சொல்லியிருக்கிறது.

பம்பர்_டு_பம்பர்
வேலன் எங்கங்க? ஆளையே காணோம். பத்திக்கிச்சா?

டைமிங்_லைட்
டைமிங் பாக்கப் போயிருப்பாரு.

வேலன்_ஈரோடு
டேப்பெட் கவர் பேக்கிங்தான். ஒரு மூலைல ஆயில் வழிஞ்சு மேனிஃபோல்டு சுத்து பூரா ஊறி கருப்பா கிடந்துச்சு. அந்த சுத்தக் கழட்டிப் போட்டாச்சு. புது பேக்கிங் போட்டு, மேனிஃபோல்டத் துடைச்சு ஸ்டார்ட் பண்ணோம், புகை இல்ல. மூடி ரப்பர் சொல்லி வச்சிருக்கேன். லோடு மத்தியானத்துக்கு மாத்திட்டேன், ஏத்திக்கிட்டு இருக்காங்க. அப்புறம் வர்றேன். லேத் அண்ணனுக்கும் யாழ் அண்ணனுக்கும் நன்றி.

லேத்பட்டறை_கரூர்
நல்லது தம்பி. கவர் நட்டை ரொம்ப முறுக்கிடாதீங்க, கவர் வளைஞ்சா மறுபடி அதே கசிவுதான். ஆயில் அளவு பாத்து ஊத்திட்டுக் கிளம்புங்க. ஒரு சின்ன பவுடர் தீயணைப்பான் வாங்கி டிரைவர் சீட் பக்கம் வைங்க.

டர்போதம்பி
கீழ பைப்ல சுத்து இருக்கா, அதையும் கழட்டிட்டீங்களா? பிக்கப் வித்தியாசம் ஏதாவது தெரிஞ்சுதா? நேர்மையா சொல்லுங்க ப்ரோ.

பழைய_ஸ்பேனர்
கன்வெர்ட்டர் கேள்விக்குப் பதில் வரவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

ராயல்_ராஜா
வணக்கம் அண்ணே, முழுசா படிக்கல. கழட்டின ராப் சும்மா கிடந்தா குடுப்பீங்களா? புல்லட் பெண்ட் பைப்புக்கு சுத்தலாம்னு இருக்கேன், பாக்க கெத்தா இருக்கும். பவானிலதான் இருக்கேன், நானே வந்து வாங்கிக்கிறேன்.