கரண்ட் மெஷின்ல அடில நூல் குஞ்சம் குஞ்சமா வருது, டயல் எல்லாம் எதுக்குன்னு சொல்லுங்களேன்

செங்கோட்டை தையல்:
அக்காமாரே, பத்து வருஷமா கால் மெஷின்லதான் தைக்கேன், போன வாரம் ஜிக்ஜாக் போடுற கரண்ட் மெஷின் வாங்கினேன். ஓணத்துக்கு ஆரியங்காவு, புனலூர் பக்கமிருந்து செட்டு முண்டு ஜாக்கெட் நிறைய வந்து கிடக்கு, மேல தையல் நல்லாத்தான் விழுது, திருப்பிப் பாத்தா அடில நூல் குஞ்சம் குஞ்சமா நிக்கி. அடி நூல் சுத்துன பாபின் இருக்க கேஸ் ஸ்க்ரூவ ரெண்டு நாளா திருகிப் பாத்துட்டேன், அழுகையே வந்துட்டு. மூணு டயல் வேற இருக்கு, எது எதுக்கு?

களியக்காவிளை அக்கா:
அந்த ஸ்க்ரூவ விடு மக்களே. அடில குஞ்சம் கட்டுனா கோளாறு மேல் நூல்லதான். துணிய அமுக்கிப் பிடிக்கிற பூட்டத் (ஃபுட்) தூக்கி வச்சிட்டு நூல் கோத்துப் பாரு. பூட் இறங்கி இருந்தா மேல் நூல இறுக்கிப் பிடிக்கிற டென்ஷன் தட்டு ரெண்டும் இறுகிக் கிடக்கும், நூல் இடையில போகாது, தூக்குனாத்தான் தட்டு விரியும். கால் மெஷின்ல தட்டு வெளிய தெரியும், கையாலே இழுத்து உள்ள விட்டிருவோம், இதுல உள்ள மறைஞ்சு இருக்கதால தெரியல. ஏறி இறங்குற கொக்கில நூல் மாட்டியிருக்கான்னும் பாரு. கோத்துட்டு பூட்ட இறக்கி நூல இழு, கைக்கு இறுக்கம் தெரியணும்.
டயல்ல, டென்ஷன் 4ல வை. நீளம் ஜாக்கெட்டுக்கு 2.5, சுருக்கு வைக்க 4. மூணாவது டிசைன் டயல், அத ஊசி துணிக்குள்ள இருக்கும்போது மட்டும் திருப்பிராத, ஊசி வளைஞ்சிரும்.

போடி ரோஜா:
அக்கா சொன்னதுதான் சரி. கசவு, அதான் ஜரிகைக் கரை போட்ட துணிக்கு 11ம் நம்பர் ஊசி புதுசா போடுங்க, மொட்டை ஊசி ஜரிகைய இழுத்துரும், அப்புறம் அந்தச் சேதத்த சரி பண்ணவே முடியாது. முன்னாடியிருந்து நூல் கோக்குற மெஷின்னா ஊசியோட தட்டைப் பக்கம் பின்னாடி இருக்கணும்.
ஸ்க்ரூவ திருகிட்டீங்கல்ல, பாபின் போட்ட கேஸ நூலப் பிடிச்சுத் தொங்க விடுங்க. சும்மா தொங்குனா நிக்கணும், லேசா ஒரு குலுக்கு குலுக்குனா கொஞ்சம் இறங்கி நிக்கணும். சரசரன்னு இறங்குனா ஸ்க்ரூவ கால் சுத்து முடுக்குங்க. பிறகு மேல ஒரு கலர் அடில ஒரு கலர் நூல் போட்டு வேஸ்ட் துணில அடிச்சுப் பாருங்க, அடி நூல் மேல எட்டிப் பாத்தா டயல்ல மேல் நூல் டென்ஷன குறைங்க.

செங்கோட்டை தையல்:
பூட்டத் தூக்கிக் கோத்தேன்க்கா, குஞ்சம் நின்னுட்டு!! கேஸ் சரசரன்னுதான் இறங்குச்சு, கால் சுத்து முடுக்குனதும் நிக்கி. மேல கத்தரிப்பூ கலர், அடில வெள்ளை போட்டு அடிச்சேன், ரெண்டு பக்கமும் சுத்தம். ராத்திரிக்குள்ள ரெண்டு ஜாக்கெட் முடிச்சிருவேன், பட்டன் ஓட்டை நாளைக்குக் கேக்கேன்.