ஹைப்பர்-வியில் டேலி விஎம் 'பாஸ்டு-கிரிட்டிக்கல்' என்று நிற்கிறது: செக்பாயின்ட்டை டெலீட் செய்யலாமா?

பீன்யா_கணக்கு
வணக்கம். பெங்களூரு பீன்யாவில் சின்ன டூல் அண்ட் டை பட்டறை எங்களுடையது. நான் கணக்கு எழுதுகிறவன். கம்ப்யூட்டர் கொஞ்சம் தெரியும் என்பதால் சர்வரும் என் தலையில் விழுந்தது.

விண்டோஸ் சர்வர் 2019, அதில் ஹைப்பர்-வி (ஒரே சர்வருக்குள் பல கம்ப்யூட்டர்களை ஓட்டும் வசதி), இரண்டு விஎம் (அப்படி ஓடும் மெய்நிகர் கம்ப்யூட்டர்). ஒன்றில் டேலி, இன்னொன்றில் கைரேகை வருகைப் பதிவு. மதியத்திலிருந்து டேலி யாருக்கும் திறக்கவில்லை. ஹைப்பர்-வி மேனேஜரில் பார்த்தால் 'பாஸ்டு-கிரிட்டிக்கல்', அதாவது விஎம் பாதியில் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. டி டிரைவ் மொத்தம் 931 ஜிபி, மிச்சம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. டேலி விஎம் ஃபோல்டரில் 410 ஜிபிக்கு ஒரு விஎச்டிஎக்ஸ் (விஎம்மின் ஹார்ட் டிஸ்க்காக இருக்கும் ஃபைல்), 365 ஜிபிக்கு நீளப் பெயரோடு ஓர் ஏவிஎச்டிஎக்ஸ்.

செக்பாயின்ட் (விஎம்மின் அன்றைய நிலையைப் பிடித்து வைப்பது) கட்டத்தில் 2022 தேதியோடு 'டேலி அப்டேட்டுக்கு முன்' என்று ஒன்று நிற்கிறது. முன்பு சர்வரைப் பார்த்துக்கொண்டவர்கள் எடுத்தது. இப்போது அவர்கள் போனை எடுப்பதில்லை. 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 (ஜிஎஸ்டி விற்பனை ரிட்டர்ன்) போட வேண்டும், முதலாளி என் மேசையை விட்டு நகரமாட்டேன் என்கிறார். எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது?

சில்க்போர்டு_சிக்னல்
ஏவிஎச்டிஎக்ஸ் டெம்ப் ஃபைல் மாதிரிதான் ப்ரோ. அதைத் தூக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள், இடம் கிடைத்துவிடும்.

ராஜாஜிநகர்_ரேக்
தம்பி, மேலே சொன்னதை மட்டும் செய்துவிடாதீர்கள். 2022இல் அந்த செக்பாயின்ட் எடுத்த நிமிடத்திலிருந்து விஎச்டிஎக்ஸில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. அதற்குப் பிறகு போட்ட ஒவ்வொரு வவுச்சரும் அந்த ஏவிஎச்டிஎக்ஸில்தான் இருக்கிறது. எக்ஸ்ப்ளோரரில் அதை அழித்தால் அத்தனை வருடக் கணக்கும் போச்சு. விஎச்டிஎக்ஸை மட்டும் புது விஎம்மில் மாட்டிப் பார்க்கலாம் என்ற யோசனையும் வேண்டாம். 2022 நிலைமையில் அது திறந்துகொண்டு அதிலேயே எழுத ஆரம்பித்துவிட்டால், இரண்டு ஃபைலுக்கும் ஒட்டாமல் போய்விடும்.

மெனுவில் இரண்டு பெயர்கள் ஆளைக் குழப்பும். 'அப்ளை' கொடுத்தால் விஎம் 2022க்குத் திரும்பிவிடும். 'டெலீட் செக்பாயின்ட்' கேட்கப் பயமாக இருக்கும், ஆனால் நமக்கு வேண்டியது அதுதான்: ஏவிஎச்டிஎக்ஸில் இருப்பதை விஎச்டிஎக்ஸோடு சேர்த்துவிட்டு, அப்புறம்தான் அதை அழிக்கும்.

இப்போதைக்கு அதையும் தொடாதீர்கள். பவர்ஷெல்லில் கெட்-விஎச்டி ஓட்டி, அந்த விஎச்டிஎக்ஸ் ஃபிக்ஸடா (முழு அளவையும் முதலிலேயே பிடித்துவைப்பது) டைனமிக்கா (தேவைக்கேற்ப வளர்வது), அதிகபட்ச அளவு எவ்வளவு என்று சொல்லுங்கள்.

பீன்யா_கணக்கு
டைனமிக் சார். அதிகபட்சம் 500 ஜிபி.

ராஜாஜிநகர்_ரேக்
ஃபிக்ஸடாக இருந்தால் மெர்ஜ் ஆக, அதாவது இரண்டு ஃபைலும் ஒன்றாகச் சேர, கூடுதல் இடமே தேவைப்படாது. டைனமிக் என்பதால் 410 வளர்ந்து 500 வரை போகலாம். மெர்ஜ் முடிகிற வரை 365 ஜிபியும் அப்படியே உட்கார்ந்திருக்கும். ஆக, 90 ஜிபியாவது காலியாக இருக்க வேண்டும். நான் 100க்குக் குறைவாக வைத்துக்கொண்டு ஆரம்பிக்க மாட்டேன்.

எஸ்பி ரோட்டில் 2 டிபி எக்ஸ்டர்னல் டிஸ்க் ஒன்று வாங்கி வாருங்கள், என்டிஎஃப்எஸ்ஸில் ஃபார்மேட் செய்யுங்கள். டி டிரைவில் ஐஎஸ்ஓ ஃபைல் ஏதாவது கிடக்கும், பெரும்பாலும் விண்டோஸ் இன்ஸ்டால் செய்தபோது போட்டது. அதை நகர்த்தினால் சில ஜிபி கிடைக்கும். விஎம்மின் டிவிடி டிரைவில் மாட்டியிருந்தால் நகராது, முதலில் எஜெக்ட் செய்யுங்கள். அந்த இடம் போதும், விஎம்மை ரெஸ்யூம் செய்து உள்ளே போய் விண்டோஸை முறையாக ஷட் டவுன் செய்துவிடலாம். 'டர்ன் ஆஃப்' வேண்டாம், டேலி டேட்டா பாதியில் அறுந்த மாதிரி ஆகும்.

விஎம் அணைந்த பிறகு இரண்டு ஃபைலையும் எக்ஸ்டர்னலுக்குக் காப்பி செய்யுங்கள். 775 ஜிபி, யுஎஸ்பி 3 போர்ட்டில் 2 மணி நேரத்துக்கு மேல் ஆகும். பழைய யுஎஸ்பி 2 போர்ட்டில் குத்திவிட்டால் விடியும் வரை உட்கார வேண்டியதுதான். காப்பி முடியாமல் டெலீட் பட்டன் பக்கமே போகாதீர்கள், முதலாளி தலைக்கு மேல் நின்றாலும் சரி.

ஹலசூர்_நெட்வொர்க்
ஒரு சின்ன வழி. டேலி விஎம்முக்கு 'ஆட்டோமேட்டிக் ஸ்டாப் ஆக்ஷன்' 'சேவ்' என்று இருந்தால், அதன் ரேம் அளவுக்கு டிஸ்க்கில் இடத்தைப் பிடித்து வைத்திருக்கும். விஎம் அணைந்திருக்கும்போது அதை 'ஷட் டவுன்' என்று மாற்றிவிடுங்கள். 16 ஜிபி ரேம் என்றால் இனி அந்த 16 ஜிபி டிஸ்க்கில் போகாது. எப்படியும் சின்ன ஆபீஸ் சர்வருக்கு அதுதான் சரி.

பீன்யா_கணக்கு
ஐஎஸ்ஓ 5 ஜிபி, டிவிடி டிரைவில்தான் மாட்டிக்கிடந்தது! எஜெக்ட் செய்து நகர்த்தினேன், விஎம் ரெஸ்யூம் ஆகி ஷட் டவுனும் ஆயிற்று. ஸ்டாப் ஆக்ஷனையும் மாற்றிவிட்டேன். காப்பி ஓடுகிறது. ஆனால் 100 ஜிபிக்கு இன்னும் இடம் பற்றவில்லை.

ராஜாஜிநகர்_ரேக்
வருகைப் பதிவு விஎம் எவ்வளவு?

பீன்யா_கணக்கு
130 ஜிபி. ஃபோர்மேன் இன்று நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொள்கிறேன் என்கிறார்.

ராஜாஜிநகர்_ரேக்
நல்ல மனுஷன். அதையும் ஷட் டவுன் செய்து, டேலி காப்பி முடிந்ததும் 'மூவ்' கொடுத்து எக்ஸ்டர்னலுக்கு அனுப்புங்கள். அப்புறம் 'டெலீட் செக்பாயின்ட்'. ஸ்டேட்டஸ் கட்டத்தில் மெர்ஜ் எத்தனை சதவீதம் என்று ஓடும். ஒரே இடத்தில் நிற்கிற மாதிரி தோன்றினாலும் ஹோஸ்டை (விஎம்கள் ஓடும் சர்வரை) ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். யுபிஎஸ் பேட்டரி பழசு என்றால் பட்டறை ஜெனரேட்டரில் இருந்து ஒரு லைன் இழுத்து வையுங்கள். பீன்யா கரண்டை நம்பி மெர்ஜ் போட எனக்குத் தைரியம் கிடையாது.

பீன்யா_கணக்கு
முடிந்தது சார். ஏவிஎச்டிஎக்ஸ் காணாமல் போய்விட்டது, விஎச்டிஎக்ஸ் 468 ஜிபி. நேற்று கடைசியாகப் போட்ட பர்ச்சேஸ் வவுச்சர் வரை டேலியில் இருக்கிறது, ஜிஎஸ்டிஆர்-1 தயாராகிக்கொண்டிருக்கிறது. எக்ஸ்டர்னலில் இருக்கும் காப்பியை அழித்துவிடலாமா?

ராஜாஜிநகர்_ரேக்
ரிட்டர்ன் போட்டு, மாதக் கணக்கு ஒருமுறை ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் வரை இருக்கட்டும். அப்புறம் அதே டிஸ்க்கில் 'விண்டோஸ் சர்வர் பேக்கப்' தினமும் இரவு ஓடும்படி வையுங்கள். சர்வரோடு வருவதுதான், ஃபீச்சரைச் சேர்த்தால் போதும். வருகைப் பதிவு விஎம்மை மறக்காமல் டி டிரைவுக்கே திருப்பிக் கொண்டுவாருங்கள், யாராவது யுஎஸ்பி கேபிளைப் பிடுங்கினால் அது அப்படியே நின்றுவிடும்.