பெரிய நீராவி எஞ்சின் மாடல்: 45 மி.மீ. கேஜா, 5 அங்குலமா?

கேள்வி:
நிஜமாகவே தண்ணீர் கொதித்து ஓடும் ரயில் எஞ்சின் மாடல் ஒன்றைப் புதிதாக வாங்க ஆசை. 45 மி.மீ. கேஜில் (இரு தண்டவாளங்களுக்கு இடையே உள்ள அகலம்) கேஸில் ஓடுவதை எடுப்பதா, பின்னால் உட்கார்ந்து ஓட்டும் 5 அங்குலத்துக்கே போய்விடலாமா? பாகங்களைக் கடைந்து செய்துகொள்ள லேத் கிடையாது.

பதில்:
லேத் இல்லையா, அப்போ 45 மி.மீ.தான். பியூட்டேன் நிரப்பிப் பற்றவைத்தால் சில நிமிடங்களில் பிரஷர் ஏறிவிடும். ஆனால் முதலில் சிலிண்டர் குளிர்ந்திருக்கும், உள்ளே போன நீராவி தண்ணீராகிப் புகைபோக்கி வழியே சுடச்சுடத் தெறிக்கும், முகத்தை மேலே நீட்டாமல் மெல்ல முன்னும் பின்னும் உருட்டுங்கள். இன்னொன்று, லூப்ரிகேட்டர், அதாவது சிலிண்டருக்கு எண்ணெய் ஊட்டும் சின்னப் பாத்திரம். அதற்குள் நீராவி குளிர்ந்து தண்ணீராக அடியில் தங்கி, எண்ணெயை மேலே தள்ளிச் சிலிண்டருக்கு அனுப்பும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் அந்தத் தண்ணீரை வடித்துவிட்டு ஸ்டீம் ஆயில் (நீராவி எஞ்சின் சிலிண்டருக்கென்றே உள்ள எண்ணெய்) நிரப்பணும். கார் எஞ்சின் ஆயில் வேண்டவே வேண்டாம்.

பதில்:
5 அங்குலத்தின் சுகமே வேறு, கரி அள்ளிப் போட்டுக்கொண்டே தண்ணீர் மட்டத்தையும் கவனிக்கணும், கை சும்மா இருக்காது. ஆனால் தனியாளாகத் தூக்க முடியாது. பாய்லருக்குச் சான்றிதழும் இல்லாவிட்டால் மாடல் ரயில் கிளப் தண்டவாளத்தில் விட மாட்டார்கள். புது பாய்லரை வழக்கமாக வேலை அழுத்தத்தைப் போல இரண்டு மடங்குக்குத் தண்ணீர் ஏற்றிச் சோதிப்பார்கள், நீராவியால் அல்ல, பாய்லர் விரிசல் விட்டாலும் வெடிக்காது.

கேள்வி கேட்டவர்:
சரி, 45தான். வளைவு எவ்வளவு பெரிதாக வேண்டும்?

பதில்:
அது எஞ்சினைப் பொறுத்தது. சக்கரங்கள் நீளமாகப் பரவியிருந்தால் குறுகிய வளைவில் தண்டவாளத்தை விட்டு இறங்கிவிடும். தயாரிப்பாளர் சொல்லும் குறைந்தபட்ச ஆரத்தைப் பார்த்த பிறகே தண்டவாளம் வாங்குங்கள்.